எழுத்து வகுப்பில் மகள், திருத்தத் துடிக்கும் அம்மா

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆன்லைனில் 8 வாரக் கதை, கட்டுரைப் பயிற்சி வகுப்பில் 6,000 ரூபாய் கட்டிச் சேர்த்தோம். இரண்டு வாரம் ஆசையாக எழுதினாள். மூன்றாம் வாரம் ஆசிரியரின் கமெண்ட் வந்ததிலிருந்து லேப்டாப்பைத் திறப்பதே இல்லை. நானே உட்கார்ந்து பிழை திருத்திக் கொடுத்தேன், அதற்கும் கோபம். “எழுதிப் பிழைக்க முடியுமா, பணம் தண்டம்” என்கிறார் அவள் அப்பா. வகுப்பை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. உங்கள் மகள் நின்றிருக்கும் இடம் இந்த மாதிரி வகுப்புகளில் வழக்கமாக வரும் இடம்தான். முதல் இரண்டு வாரப் பயிற்சிகள் பெரும்பாலும் ‘மனதில் பட்டதை எழுது’ என்ற வகை. ஓர் அறையை விவரி, ஒரு நினைவை 300 சொல்லில் எழுது என்பார்கள். எழுதியதையே மறுபடி எடுத்து மாற்றி எழுதச் சொல்வது அதற்குப் பிறகுதான். பள்ளியில் கட்டுரைக்கு மார்க் விழுந்தால் நோட்டை மூடிவிடலாம். இங்கே கமெண்ட் வந்த பிறகுதான் வேலையே ஆரம்பம். பத்துக்கு எட்டு, ஒன்பது என்று வாங்கிப் பழகிய பிள்ளைக்கு ஓரத்தில் ஏழு கமெண்ட் தெரிந்தால் ஏழு தப்பு செய்திருக்கிறோம் என்றுதான் தோன்றும்.

அதனால் கமெண்ட் வந்த அன்றே அதைப் பற்றிப் பேச வேண்டாம். ஒரு ராத்திரி போகட்டும். மறுநாள் ஆசிரியரின் கமெண்டுகளோடு சேர்த்து அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, ஒரு பென்சிலோடு அவளிடம் கொடுங்கள். ஒத்துக்கொள்ளும் கமெண்டுக்கு டிக், புரியாததற்குக் கேள்விக்குறி, ஒப்பாததற்குப் பெருக்கல் குறி. ஒப்பாமல் இருக்கவும் அவளுக்கு உரிமை உண்டு என்பதை இந்தப் பெருக்கல் குறியே அவளுக்குச் சொல்லிவிடும். டிக் போட்டவற்றில் இரண்டை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்ளட்டும். ஏழு கமெண்டையும் ஒரே மூச்சில் சரிசெய்யப் போனால் கதை கந்தலாகிவிடும். தொடக்கத்தை மாற்றினாலே நடுவில் இருப்பது பாதி மாறிவிடும். அந்த நடுப்பகுதியின் வாக்கியங்களை முன்கூட்டியே செதுக்கி வைத்திருந்தால் அந்த உழைப்பு வீண். யார் சொல்கிறார்கள், எங்கே தொடங்குகிறது என்பது முதலில், வாக்கியம் அடுத்தது, எழுத்துப்பிழை கடைசி.

இனி நீங்கள் திருத்திக் கொடுத்த விஷயம். அவள் இப்படி எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்:

“லீவுக்குப் பாட்டி வீட்டுக்கு போனோம். பாட்டி எங்களைப் பார்த்து மிகவும் மகிழ்ச்சி அடைந்தார். அன்று இரவு கரண்ட் இல்லை. பாட்டி சிமினி விளக்கை துடைத்துக்கொண்டே இருந்தார்.”

பெற்றவர் கண்ணில் முதலில் படுவது ‘வீட்டுக்கு’க்குப் பின்னால் விடுபட்ட ப், ‘விளக்கை’க்குப் பின்னால் விடுபட்ட த். கை சும்மா இருக்காது. இரண்டு ஒற்றையும் போட்டு, லீவை விடுமுறை ஆக்கி, கரண்டை மின்சாரம் ஆக்கி, கடைசியில் ‘அந்த நாளை என்னால் மறக்கவே முடியாது’ என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டால் பள்ளிக்கூடக் கட்டுரை தயார். அவள் எழுதியது அதில் காணாமல் போயிருக்கும். இந்த நாலு வரியில் உயிருள்ள வரி கடைசி வரி. பாட்டி ஏன் துடைத்துக்கொண்டே இருந்தார்? எந்தத் துணியால்? அப்போது யாராவது பேசினார்களா? இந்த மூன்று கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ‘தாத்தாவோட பழைய வேட்டித் துணிம்மா, முன்னெல்லாம் தாத்தாதான் துடைப்பாராம்’ என்று அவளே சொல்லக்கூடும். ‘அதை எழுதேன்’ என்பது போதும். ‘மிகவும் மகிழ்ச்சி அடைந்தார்’ என்ற வரியை அதன் பிறகு அவளே அடித்துவிடுவாள். நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

நீங்கள் திருத்திய பிரதி ஆசிரியரிடம் போவதில் இன்னொரு கெடுதல் உண்டு. அவருக்குத் தெரிய வேண்டியது மகளின் நிலை. ஒற்று விடுகிறாளா, பத்தி பிரிக்கத் தெரியவில்லையா, உரையாடலில் தடுமாறுகிறாளா என்று பார்த்துத்தான் அடுத்த பாடத்தை அவர் சொல்ல முடியும். அம்மா துடைத்து அனுப்பிய பக்கத்தில் அவர் உங்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். ஆகவே கூகுள் டாக்ஸில் எழுதுகிறாள் என்றால் ஷேர் செய்யும்போது உங்களுக்கு ‘எடிட்டர்’ அனுமதி வேண்டாம், ‘கமெண்டர்’ போதும். எழுத்துப்பிழையை அனுப்புவதற்கு முந்தைய நாள் பாருங்கள். பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். எது பிழை என்று அவள் தேடிக் கண்டுபிடிக்கட்டும். இரண்டு மாதத்தில் புள்ளிகள் குறைவது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

எழுத்துப்பிழை என்று நாம் நினைப்பதில் கொஞ்சம் கீபோர்டின் வேலையும் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் முறையில் ன-ண, ல-ள-ழ, ர-ற எல்லாம் போன் காட்டும் பரிந்துரையைப் பொறுத்து மாறிவிடும். தமிழில் எழுதும் வகுப்பு என்றால் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குங்கள். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்றுக்கொண்ட முறை அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. ‘க’ விசையை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ வரும். தினம் 15 நிமிஷம் உட்கார்ந்தால் சில வாரத்தில் கை பழகிவிடும். அதுவரை முதல் படியை (திருத்தாத முதல் பிரதியை) தாளில் எழுதட்டும். தட்டத் தெரியாத எரிச்சலில் எழுத்தே கசந்துவிடக் கூடாது. பைலை எப்போதும் எந்தக் கணினியிலும் திறக்கும் பொது எழுத்து முறையான யூனிகோடில் அனுப்பச் சொல்லுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பக்கம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும்.

நேரம். வாரம் ஒரு மணி நேர நேரலை வகுப்பு என்று விளம்பரத்தில் இருக்கும். அதை மட்டும் கணக்கில் வைத்துத்தான் பல வீடுகளில் ட்யூஷனுக்கும் பரதநாட்டியத்துக்கும் நடுவில் இதைச் செருகுகிறார்கள். அந்த ஒரு மணிக்கு மேல் வாசிப்புக்கு அரை மணி, முதல் படிக்கு 45 நிமிஷம், குறைந்தது ஒரு ராத்திரி இடைவெளி, திருத்தி எழுத இன்னொரு 45 நிமிஷம் வேண்டும். அந்த ஒரு ராத்திரியை விடவே கூடாது. எழுதிய கையோடு படித்தால் மனதில் இருப்பதைத்தான் கண் படிக்கும், தாளில் இருப்பதை அல்ல. அனுப்பக் கடைசி நாள் ஞாயிறு என்றால் வீட்டில் சனிக்கிழமை மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வகுப்பாக இருந்தால் கெடு எந்த ஊர் நேரப்படி என்று பாருங்கள். அங்கே பசிபிக் நேரம் ஞாயிறு இரவு 11:59 என்பது நமக்குத் திங்கள் பகல் 12:29, அவர்களின் குளிர்காலத்தில் 1:29. பிள்ளை அப்போது பள்ளியில் இருக்கும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களை வகுப்பு அட்டவணையோடு இப்போதே ஒப்பிட்டு, இடிக்கும் வாரத்துக்கு முன்கூட்டியே அவகாசம் கேட்கச் சொல்லுங்கள். கெடு முடிந்த பிறகு கேட்பதை ஆசிரியர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.

கமெண்டுக்குப் பயந்த பிள்ளைக்குச் சாட்ஜிபிடி ஒரு குறுக்குச் சந்து. ‘இதை நல்லா மாத்திக் கொடு’ என்று ஒட்டினால் ஒரு நிமிஷத்தில் பளபளவென்று வந்துவிடும். வகுப்பின் விதி என்ன சொல்கிறது என்று முதலில் இருவரும் சேர்ந்து படியுங்கள். வகுப்புக்கு வகுப்பு வேறுபடும். சந்தேகம் வந்தால் ‘ஏஐ எழுதியதா’ என்று கண்டுபிடிக்கும் தளங்களில் போட்டுப் பார்த்துக் குற்றம் சாட்டாதீர்கள். பிள்ளை சொந்தமாக எழுதியதையே அவை ஏஐ என்று சொல்வதுண்டு. கூகுள் டாக்ஸில் பைல் மெனுவுக்குள் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ இருக்கிறது. தட்டி, அழித்து, மறுபடி தட்டிய தடம் அதில் தெரியும். அதையும் உளவு பார்க்க எடுக்க வேண்டாம். ‘இந்த இடத்தை எப்படி மாத்தினே, காட்டு’ என்று அவளையே காட்டச் சொல்லுங்கள். சொந்தமாக எழுதியவளுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

பெற்றோருக்குக் கஷ்டமான இடம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் வீட்டைப் பற்றித்தான் எழுதுவார்கள். அப்பா கத்தியது, அம்மா அழுதது, மாமா கடன் கேட்டு வந்தது எல்லாம் ஒருநாள் கதையில் வரும். ‘இதையெல்லாம் ஊருக்குச் சொல்வியா’ என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அதன் பிறகு அவள் காந்தித் தாத்தா பற்றியும் மரம் நடுவது பற்றியும் மட்டுமே எழுதுவாள். முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: பேரையும் ஊரையும் மாற்றிவிட வேண்டும், அவளாகக் கொடுப்பதை மட்டும்தான் நீங்கள் படிப்பீர்கள். மற்ற மாணவர்கள் படிக்கும் இடத்தில் பள்ளியின் பெயரோ போட்டோவோ வேண்டாம், புனைபெயர் நல்லது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவர் குழந்தை. அவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பதிவுப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள்.

சாவும் இருட்டும் வருகிற கதை எழுதினாள் என்பதற்காகப் பதற வேண்டாம். அந்த வயதில் அப்படி எழுதுவது சாதாரணம். ஆனால் எழுத்தோடு தூக்கம், சாப்பாடு, தோழிகளோடு பேச்சு எல்லாம் சேர்ந்து மாறியிருந்தாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றித் தன் பெயரிலேயே எழுதினாலோ, கதையை ஒதுக்கி வைத்துவிட்டு அவளோடு உட்கார்ந்து நேராகக் கேளுங்கள். மனநல உதவி எண்ணான டெலிமனஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இலவசம்.

அவள் அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. கதை எழுதி மட்டும் குடும்பம் நடத்துவோர் மிகக் குறைவு. 200 ரூபாய்ப் புத்தகம் ஆயிரம் பிரதி விற்று, 10 சதவீத ராயல்டி வந்தால் மொத்தமே 20,000 ரூபாய். ஆனால் தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும் இடங்கள் வேறு: மென்பொருள் நிறுவனங்களில் டெக்னிக்கல் ரைட்டர், விளம்பர வாசகம், செய்தி, சப்டைட்டில், பாடநூல். ஐஏஎஸ் மெயின் தேர்வில் கட்டுரைத்தாளுக்கு மட்டும் 250 மார்க். மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை. வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 40 நிமிஷத்தில் 250 சொல்லுக்குக் குறையாத கட்டுரை எழுத வேண்டும். முதலில் எழுதியதை எடுத்துத் திருத்தும் பழக்கம் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. மூன்றாம் வாரத்தில் அவள் திணறுவது அந்தப் பழக்கத்தில்தான்.

பணம் வீணா என்பதை ஒரே கேள்வியால் அளக்கலாம்: 8 வாரத்தில் அவள் எழுதியதில் எத்தனையை ஒரு மனிதர் படித்து எழுத்தில் பதில் சொல்கிறார்? குறைந்தது நாலு இருந்தால் கட்டணத்துக்கு அர்த்தம் உண்டு. பதிவு செய்த வீடியோவும் கடைசியில் சான்றிதழும் மட்டும் என்றால் அடுத்த முறை சேர்க்காதீர்கள். மாதச் சந்தாவாக இருந்தால் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கியிலிருந்து தகவல் வர வேண்டும். வேண்டாம் என்றால் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அன்றே நிறுத்துங்கள். திருப்பித் தர ஒத்துக்கொண்ட பணத்தைத் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வகுப்பு முடிந்ததும் ‘உங்கள் குழந்தையின் கதை புத்தகத்தில் வரும், இணை ஆசிரியர் சான்றிதழ் உண்டு’ என்று ஒரு அழைப்பு வரலாம். ஐம்பது பிள்ளைகளின் எழுத்தைச் சேர்த்து அச்சடித்து, பெற்றோரிடமே விற்கும் ஏற்பாடு இது. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கென்று தனியாகப் பணம் கேட்டால் விலகிக்கொள்ளுங்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்பதால் கையெழுத்து உங்களிடம்தான் கேட்பார்கள். பதிப்புரிமை யாருக்கு என்ற வரியைப் படிக்காமல் போட வேண்டாம். அந்தச் சான்றிதழைவிட, முதல் படியும் திருத்திய படியும் சேர்த்து வைத்த மூன்று கதை அவளுக்குப் பின்னால் உதவும்.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை. மூன்றாம் வாரப் பயிற்சி கெடு தாண்டியிருக்கும். ஆசிரியருக்கு நீங்கள் எழுத வேண்டாம், அவளே எழுதட்டும். நாலு வரி போதும்: “வணக்கம் மிஸ். மூன்றாம் வாரக் கதையை இன்னும் திருத்தி அனுப்பவில்லை. உங்கள் கமெண்டில் ‘பார்வை மாறுகிறது’ என்பது எனக்குப் புரியவில்லை. எந்த வரியில் என்று சொல்ல முடியுமா? வரும் சனிக்கிழமைக்குள் அனுப்பலாமா?” அவள் தட்டி முடிக்கும் வரை பக்கத்து அறையில் இருங்கள். ஒற்று விடுபட்டிருந்தாலும் அப்படியே போகட்டும்.