ரிட்டயர்மென்ட் பணத்தில் டிரஸ்ட் தொடங்கலாமா?

கேள்வி: வருவாய்த் துறையில் 34 வருடம் வேலை பார்த்து இந்த வருடம் ஓய்வு பெற்றேன். பணிக்கொடை, கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக மொத்தமாக வாங்கிய தொகை) எல்லாம் சேர்த்து 40 லட்சம் வந்திருக்கிறது. மாத ஓய்வூதியம் 48,000. மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. வீட்டில் நானும் மனைவியும்தான். பாலம் கல்யாணசுந்தரம் ஐயாவைப் போல ஏழைப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய ஆசை. 25 லட்சத்தை அம்மா பெயரில் டிரஸ்டாகப் போடலாமா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள் ஐயா. ஆனால் அசலில் கை வைக்காதீர்கள், வட்டியைக் கொடுங்கள்.

ஸ்ரீவைகுண்டம் கல்லூரியில் நூலகராக இருந்த கல்யாணசுந்தரம் ஐயா, சம்பளத்தை அப்படியே கொடுத்துவிட்டுத் தன் பிழைப்புக்கு வேறு வேலை பார்த்தவர். 2023-இல் பத்மஸ்ரீ வாங்கினார். ஆனால் அவர் தனி ஆள். உங்களுக்குப் பின் துணைவியாருக்கு வரப்போவது குடும்ப ஓய்வூதியம்தான். அது உங்கள் ஓய்வூதியத்தைவிடக் குறைவு. பொது டிரஸ்டில் போட்ட பணத்தை நாளைக்கு ஆபரேஷன் என்றாலும் திரும்ப எடுக்க முடியாது.

டிரஸ்டுக்குத் தனி பான் கார்டு, கணக்குத் தாக்கல், ஆடிட்டர் ஃபீஸ் என்று வருடாவருடம் வேலை இருக்கும். 34 வருடம் ஃபைல் பார்த்தது போதாதா? வரிச்சலுகைக்காக என்றால், நன்கொடைக்கான 80ஜி சலுகை பழைய வரிமுறையில்தான் செல்லும். உங்கள் வருமானத்துக்குப் புதிய முறையில் வரியே வராது.

சரி, என்ன செய்யலாம்? 30 லட்சத்தை அஞ்சலகத்தில் சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். அதற்கு மேல் ஒருவர் போட முடியாது. 8.2 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். துணைவியாரை ஜாயின்டாகச் சேர்த்துவிடுங்கள். மீதி 10 லட்சம் வங்கி எஃப்டியில், மருத்துவச் செலவுக்கென்றே கிடக்கட்டும்.

அந்த வட்டிதான் பிள்ளைகளுக்கு. யாருக்கு, எதற்கு என்பதில்தான் நிதானம் வேண்டும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. அங்கே நீங்களும் போய்க் கட்ட வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பணம் கொடுப்பது யாரும் யோசிக்காத இடத்தில். சென்னையில் வேலை கிடைத்துப் போகிற பையன், முதல் சம்பளம் வரும்வரை தங்க பிஜிக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும், சாப்பிட வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும். அதற்கு வழியில்லாமல் ஆர்டர் கையில் இருந்தும் ஊரிலேயே நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இருபதாயிரம் இருந்தால் அவன் பஸ் ஏறிவிடுவான். அப்புறம், தனியார் கலைக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளின் கட்டணம், டிஎன்பிஎஸ்சி கோச்சிங் ஃபீஸ். இவற்றைக் கையில் கொடுக்காமல் கல்லூரி, கோச்சிங் சென்டர் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் இரண்டு பேர் போதும். கேட்டு வருகிற எல்லோருக்கும் தலையாட்டாதீர்கள். ஒருத்தியை முதல் வருடம் சேர்த்துவிட்டு மூன்றாம் வருடம் கைவிடுவது போலக் கொடுமை வேறில்லை.

மார்ச் முடிவதற்குள் கணக்கைத் தொடங்கிவிட்டால் ஜூலை முதல் வாரம் முழுக் காலாண்டு வட்டி வந்துவிடும். கல்லூரிகளில் ஃபீஸ் கட்டச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுவதும் ஏறக்குறைய அப்போதுதான்.