ஐப்பசி பிறந்தால் வரும் கேள்விகள்: நெல்லைச் சீமையின் மழை, காற்று, கடல்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் உவரி முதல் புன்னைக்காயல் வரையிலான கடலோர ஊர்களிலிருந்தும் தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. பதில் எழுதுபவர் தாமிரபரணிப் பாசனத்தில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்.

அண்ணாச்சி, 2023 டிசம்பரில் அந்த மழை நேரத்தில் நம் பக்கம் புயல் என்று எந்தச் செய்தியும் இல்லை. பிறகு எப்படி அவ்வளவு மழை? (விவசாயி, ஆழ்வார்திருநகரி)

குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டலச் சுழற்சி நின்றது. அது புயலாகவில்லை, ஆகவே அதற்குப் பெயரும் இல்லை. ஆனால் நகராமல் நின்றது. அதன் வடக்குப் பக்கத்தில் கிழக்குக் காற்று மன்னார் வளைகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் கரையில் தொடர்ந்து ஏறியது. கரையில் கொட்டியது போக மிச்சம் பொதிகை மலையில் முட்டி அங்கேயும் கொட்டியது. டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே 70 செ.மீ.க்குக் குறைவு என்பதை நினைத்துப் பாருங்கள்.

95 செ.மீ. என்பதை வயலில் வைத்துச் சொல்கிறேன். ஓர் ஏக்கரில் ஒரு செ.மீ. மழை என்றால் ஏறக்குறைய 40 ஆயிரம் லிட்டர். 95 செ.மீ. என்றால் 38 லட்சம் லிட்டர், அதாவது 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி 320 நடை. ஒரே ஓர் ஏக்கருக்கு, ஒரே நாளில்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது வேறு. ஒரே நாளில் 20.4 செ.மீ.க்கு மேல் எவ்வளவு பெய்யும் என்றாலும் வானிலைத் துறை தருவது சிவப்பு எச்சரிக்கைதான். 21 செ.மீ.க்கும் சிவப்பு, 95 செ.மீ.க்கும் சிவப்பு, அதற்கு மேல் நிறம் கிடையாது. புயலுக்குப் பெயர் வைத்து, அது எங்கே கரையைக் கடக்கும் என்று படம் போட்டால்தான் நாம் சாமான்களைப் பரண் மேல் ஏற்றுகிறோம். நம் சீமையில் ஆளைக் கொல்லும் மழை பெயரில்லாமலும் வரும். "குமரிக்கடலில் சுழற்சி", "மிக அதிக கனமழை", "மெதுவாக நகர்கிறது" என்ற மூன்றும் ஒரே அறிக்கையில் வந்தால் அன்றைக்கே புறப்படுங்கள்.

அணையைத் திறந்துவிட்டதால்தான் ஊர் மூழ்கியது என்று எல்லாரும் பேசுகிறார்களே ஐயா? (ஆசிரியை, ஸ்ரீவைகுண்டம்)

பாதி நியாயம் அம்மா. பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு சுமார் 5.5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி); மணிமுத்தாறும் அதே அளவுதான். ஆற்றில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் அது 8.64 டி.எம்.சி. ஆகிவிடுகிறது. பெருவெள்ளத்தின் முன்னால் நம் அணைகள் சின்னவை. 143 அடி பாபநாசமும் 118 அடி மணிமுத்தாறும் ஏற்கெனவே நிறைந்து நிற்கும் வேளையில் மலையில் கொட்டினால், வருகிற நீரை அப்படியே கீழே அனுப்புவதைத் தவிர அங்கே இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை.

அதோடு உங்கள் ஊரைச் சுற்றிப் பெய்த 62 செ.மீ. எந்த அணையையும் பார்க்காத தண்ணீர். அது வயலிலும் குளத்திலும் விழுந்து, குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து, பக்கவாட்டில் ஊருக்குள் வந்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 800 பயணிகளோடு உங்கள் ஊர் நிலையத்தில் சிக்கிக்கொண்டதே, அந்தத் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது.

மீதிப் பாதிக்கு வருகிறேன். கார்த்திகை முடியும் வரை அணையில் கொஞ்சம் இடம் காலியாக வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் போதாமல் போய்விடுமே என்று விவசாயிகள் அஞ்சுவார்கள். அந்த அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 1992 நவம்பர் 13 அன்று மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சியில் ஒரே நாளில் 96.5 செ.மீ. பெய்ததை நினைவில் வைத்தே நீர்மட்டத்தை முடிவு செய்ய வேண்டும்.

வெள்ளநீர்க் கால்வாயால் இந்தத் தொல்லை தீருமா?

தீராது. கன்னடியன் கால்வாயிலிருந்து சாத்தான்குளம், திசையன்விளை வறட்சிப் பகுதிக்கு நீர் கொண்டுபோகும் அந்தக் கால்வாயின் வடிவமைப்பு நொடிக்கு 3,200 கன அடி. ஆற்றில் லட்சம் ஓடும்போது அது நூற்றில் மூன்று பங்கு. செம்மணல் தேரிக்காட்டுக் கிணறுகளுக்கு அது பெரிய வரம். அதற்காகவே அதை வரவேற்கிறேன்.

எங்கள் குளத்துக் கரை தாங்குமா தாங்காதா என்று எங்களாலேயே கண்டுபிடிக்க முடியுமா? (பாசனச் சங்க உறுப்பினர், குரும்பூர்ப் பக்கம்)

முடியும், உங்களால்தான் முடியும். மழைக்கு முன்பே மறுகாலில், அதாவது குளத்தின் மிகைநீர் வழியும் வாயில், கிடக்கும் கருவேலத்தையும் குப்பையையும் அகற்றிவிடுங்கள். மறுகால் தாராளமாகப் பாய்ந்தால் கரைக்குப் பாதிக் கவலை போய்விடும். மறுகால் மட்டத்தை உயர்த்த மணல்மூட்டை அடுக்கும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் அதைச் செய்யவே கூடாது.

மழை நேரத்தில் கரையின் மேல் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வெளிப்பக்கச் சரிவின் அடிவாரத்தில் டார்ச் அடித்துக்கொண்டு நடங்கள். மடையை ஒட்டிய இடம், நண்டு வளை, எலி வளை, பழைய உடைப்பை மூடிய இடம் ஆகியவற்றை உட்கார்ந்து பாருங்கள். கசிவு நீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடியுங்கள். தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டே இருக்கலாம். கலங்கலாக இருந்தாலோ, அடியில் மண் படிந்தாலோ, கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அப்போது அந்த ஓட்டையை வெளியே இருந்து அடைக்காதீர்கள். அடைத்தால் நீர் வேறிடத்தில் பீறிடும். அதைச் சுற்றி மணல்மூட்டைகளால் கிணற்றுச் சுவர் மாதிரி வளையம் கட்டி, உள்ளே நீர் ஓரளவு ஏறி நிற்கும்படி விடுங்கள். எதிர் அழுத்தம் கிடைத்து மண் வருவது குறையும். அந்த வேலை நடக்கும்போதே கீழே இருக்கும் தெருக்களுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட வேண்டும். கரை நின்ற பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது.

திருச்செந்தூரில் கடல் உள்வாங்குகிறது, பாறைகள் தெரிகின்றன. சுனாமிக்கு அறிகுறியா?

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி இப்படி நடப்பது வழக்கம்தான். ஏற்ற இறக்கம் அந்த நாட்களில் சற்று அதிகம். நம் பக்கத்தில் அது ஒரு மீட்டருக்கும் குறைவு என்றாலும், சரிவு குறைந்த கரையில் நீர் வெகுதூரம் விலகியதுபோல் தெரியும். ஓதம் இறங்க ஆறு மணி நேரம் ஆகும். சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கினால் அது நிமிடக் கணக்கில் நடக்கும். கண்ணெதிரே மளமளவென்று விலகினால் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஓடுங்கள்.

"மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர், இடையிடையே 55" என்கிறார்கள். பத்து கிலோமீட்டர் வித்தியாசத்துக்குக் கடலுக்குப் போகாமல் இருக்க முடியுமா ஐயா? (மீனவர், உவரி)

தம்பி, காற்றின் வேகம் கூடினால் அதன் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 45-லிருந்து 55 ஆனால் விசை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதுவும் திடீரென்று, ஒரே பக்கத்திலிருந்து வரும். ஃபைபர் படகு அலைக்குக் குறுக்கே திரும்பியிருக்கும் நொடியில் அப்படி ஒரு வீச்சு வந்தால் என்ன ஆகும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாத் தீவுகளும் பவளப்பாறைகளும் அலையை ஓரளவு வாங்கிக்கொள்கின்றன. மணப்பாட்டிலிருந்து உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை வரை உங்களுக்கு அந்தத் தடுப்பு இல்லை. 2017-இல் ஒக்கி நவம்பர் 30 காலையில் புயலாக மாறியபோது குமரிக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆழ்கடலுக்கு முன்பே போயிருந்தவர்களுக்குச் செய்தி சேரவில்லை; எத்தனையோ பேர் திரும்பவில்லை. நெருங்கிய கடலில் உருவாகும் புயல் சின்னம் அவகாசம் தராது. கொண்டல், அதாவது கிழக்குக் காற்று, ஓங்கி, மழை இருட்டிக்கொண்டு வருகிற நாளில் வருமானத்தை விட்டுக்கொடுங்கள். அந்த நாட்களுக்கான நிவாரணத்தை அரசிடம் உரக்கக் கேளுங்கள். கேட்பவர்களோடு நானும் நிற்பேன்.

காற்றும் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் கடல் தெருவுக்குள் வருகிறதே? (கூடுதாழை)

அது கள்ளக்கடல். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், தென் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயற்காற்று கிளப்பிய நீண்ட அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து ஏறுகின்றன. சித்திரை, வைகாசியில் அதிகம். ஹைதராபாத்தில் உள்ள தேசியக் கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. அன்று படகுகளை மேலே இழுத்து, ஒன்றோடொன்று மோதாமல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். கடலுக்குள் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டுப் போராடுகிறீர்கள். உங்கள் தேவை உண்மையானது. ஆனால் ஓர் ஊருக்கு மட்டும் போட்டால் மணல் ஒரு பக்கம் சேர்ந்து அடுத்த ஊர்க் கரை அரிக்கப்படும். பக்கத்து ஊரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.

புன்னைக்காயலில் மழை விட்ட பிறகும் வெள்ளம் வடியவில்லை. ஏன்?

ஆறு கடலுக்குள் இறங்க வேண்டுமானால் கடல் தாழ்ந்திருக்க வேண்டும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு செ.மீ. உயரும், அதோடு கொண்டல் நீரைக் கரையை நோக்கித் தள்ளுகிறது, முகத்துவாரத்தில் மணல்திட்டு வேறு. ஓதம் இறங்கும் வேளையில்தான் வடிகிறது. மணல்திட்டை மழைக்கு முன்பே, புரட்டாசியிலேயே, வெட்டிவிட வேண்டும்.

துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் பயப்பட வேண்டுமா?

1, 2 தொலைவில் உள்ள சின்னத்துக்கு. 3, 4 என்றால் துறைமுகமே மோசமான வானிலையில் சிக்கக்கூடும். 5-லிருந்து அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். கூண்டு காற்றையும் கப்பலையும் நினைத்து ஏற்றுவது. மழையின் அளவு அதில் தெரியாது.

குலை தள்ளிய வாழையை எப்படிக் காப்பாற்றுவது? (களக்காடு)

சவுக்குக் கம்பால் குலை சாயும் பக்கத்தில் முட்டுக் கொடுங்கள், காய்ந்த இலைகளை அறுத்துக் காற்றுப் பிடிப்பைக் குறையுங்கள், அடியில் மண் அணையுங்கள். வடிகாலை மறந்துவிடாதீர்கள், ஏத்தன் வாழை காற்றுக்குத் தப்பி, நின்ற தண்ணீரில் அழுகிப் போவது உண்டு. பயிர்க் காப்பீட்டைக் கடைசித் தேதிக்கு முன் கட்டிவிடுங்கள்.

கிணற்றுக்குள் வெள்ளநீர் போய்விட்டது. குடிக்கலாமா? (இல்லத்தரசி, ஆறுமுகநேரி)

உடனே குடிக்க வேண்டாம் அம்மா. முதலில் கலங்கல் நீரை இறைத்துவிடுங்கள். ஆனால் ஒரே மூச்சில் வற்ற இறைக்காதீர்கள், சுவர் சரியும், கடலோரக் கிணற்றில் உப்பும் மேலேறும். தெளிந்த பிறகு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிநீரை மட்டும் கிணற்றில் கலந்து, ஒரு மணி நேரம் விடுங்கள். அதற்குப் பிறகும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். மோட்டாரை ஈரத்தோடு போடாதீர்கள். வெள்ளத்தில் நடந்தவர்களுக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அரசு மருத்துவமனைக்குப் போய், தண்ணீரில் நடந்ததைச் சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554.