பெரிய டயர், கூரைக் கூடாரம், ரீமேப்: மாற்றியமைத்த 4x4 வண்டிகளின் மைலேஜ் கேள்விகள்

மஹிந்திரா தார் டீசல் வண்டி வைத்திருக்கிறேன். 255/65 ஆர்18 டயரைக் கழற்றிவிட்டு சேற்றில் ஓடுவதற்கான 285/65 ஆர்18 மட் டெரெய்ன் டயர் போட்டேன். லிட்டருக்கு 12 கொடுத்த வண்டி இப்போது 10.5 கொடுக்கிறது. இன்ஜினில் கோளாறா?

இன்ஜினைத் தொடாதீர்கள். முதலில் கணக்கைச் சரிபார்ப்போம். பழைய டயரின் விட்டம் சுமார் 789 மி.மீ., புதியது 828. கிட்டத்தட்ட 5 சதவீதம் பெரிது. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை வைத்துத்தான் ஓடோமீட்டர் தூரம் சொல்கிறது. டயர் மாறியது அதற்குத் தெரியாது. அது 400 கி.மீ. காட்டும்போது நீங்கள் 420 ஓட்டியிருப்பீர்கள். 38 லிட்டர் செலவானால் உங்கள் மைலேஜ் 10.5 இல்லை, 11.

மீதமுள்ள ஒரு கிலோமீட்டர் உண்மையான இழப்புதான். மட் டெரெய்ன் டயர் கனமானது, ரோட்டைத் தொடும் பட்டன் முரடு. ஒவ்வொரு சிக்னலிலும் அந்த எடையை நின்ற இடத்திலிருந்து சுழற்றியாக வேண்டும். அதோடு பெரிய டயர் எல்லா கியரையும் கொஞ்சம் நீட்டிவிடுகிறது. முன்பு ஆறாவது கியரில் சுலபமாக ஓடிய வேகத்தில் இப்போது இன்ஜின் திணறும். அங்கே ஐந்தாவதிலேயே ஓட்டுங்கள். ஸ்பீடோமீட்டரும் முன்பைவிட 5 சதவீதம் குறைத்துக் காட்டும், அதையும் மனதில் வையுங்கள்.

அளக்கும் முறை இதுதான்: ஒரே பங்கில், நாஸில் தானாக நிற்கும் வரை டேங்க் ஃபுல். தூரத்தை ஜிபிஎஸ்ஸில் எடுங்கள். மூன்று டேங்க் சராசரி பார்த்த பிறகு முடிவுக்கு வாருங்கள். டாஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பி வண்டியை மெக்கானிக்கிடம் விட வேண்டாம்.

என் மாருதி ஜிம்னியின் கூரையில் ரேக்கும் கூடாரமும் நிரந்தரமாக இருக்கின்றன. வால்பாறை ஏறும்போதுகூட மைலேஜ் அவ்வளவு மோசமில்லை, நான்கு வழிச் சாலையில்தான் சரிகிறது. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

நீங்கள் கவனித்தது சரிதான். ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் நீங்கள் 30, 40-க்கு மேல் போவதில்லை. அங்கே எடைதான் எதிரி, காற்று இல்லை. நெடுஞ்சாலையில் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 80-லிருந்து 100-க்குப் போனால் எதிர்ப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். ஜிம்னியே பெட்டி மாதிரியான வண்டி, அதன் 1.5 லிட்டர் இன்ஜினும் சின்னது. அதன் தலையில் கூடாரத்தையும் ஏற்றினால் என்ன ஆகும்?

பயணம் இல்லாத வாரங்களில் கூடாரத்தைக் கழற்றி வையுங்கள். இரண்டு பேர், அரைமணி நேர வேலை. கழற்ற முடியாவிட்டால் 80-ஐத் தாண்டாதீர்கள். பம்பர், வின்ச் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து வண்டியைச் செதுக்கும் நண்பர்கள் இந்த ஒன்றை மட்டும் செய்ய மறுப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மழைக்காலத்தில் தார் ரோட்டிலும் 4ஹெச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டே ஓட்டலாமா?

வேண்டாம். தார் வண்டியிலும் ஜிம்னியிலும் முன், பின் ஆக்சில்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் நடுவில் கிடையாது. திருப்பங்களில் முன், பின் ஆக்சில்கள் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும், 4ஹெச்சில் அது முடியாது. எரிபொருள் வீணாகும், டயர் தேயும், இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகும். சேறு, மணல், சரளைக்கு மட்டும்.

மைலேஜ் கூடும் என்று சொல்லி டிபிஎஃப்பை (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) எடுத்துவிட்டு ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள். அந்த வடிகட்டி கரித்துகளைப் பிடித்து வைத்து, அவ்வப்போது கூடுதல் டீசல் செலவழித்து எரிக்கிறது. தினமும் நான்கு கிலோமீட்டர் நகர ஓட்டம் மட்டும் என்றால் எரித்து முடிக்கும் முன்பே வண்டி நின்றுவிடும், அப்புறம் திரும்ப ஆரம்பிக்கும். பலருக்கு மைலேஜ் அடிபடுவது இப்படித்தான். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீராக ஓட்டுங்கள், பெரும்பாலும் போதும். வடிகட்டியை எடுத்தால் அந்தக் கரி பின்னால் வரும் பைக்காரரின் நுரையீரலுக்குப் போகிறது. இதைச் செய்யும் ஆட்களை எனக்குப் பிடிக்காது. சட்டமும் அவர்கள் பக்கம் இல்லை: தயாரிப்பாளர் கொடுத்த, ஆர்.சி.யில் பதிவான விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. டயர் அளவை மாற்றும் முன்பும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிடுங்கள்.

திசையன்விளை பக்கம் தேரி மணலில் எங்கள் முருங்கைத் தோட்டம். உள்ளே போக டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குகிறேன். இதனால் டீசல் கூடுதலாகச் செலவாகுமா?

மணலில் குறையும். டயர் பரந்து மணலின் மேல் மிதக்கும், புதைந்து சுழலாது. செலவு கூடுவது தார் ரோட்டுக்குத் திரும்பிய பிறகு. அந்த அழுத்தத்தில் ரோட்டில் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கவும் கூடும், மைலேஜ் அதற்கு அடுத்த கவலை. 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். தோட்டத்து வாசலில் நிறுத்தி, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அழுத்தத்துக்கு ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். டயர் அளவை மாற்றியிருந்தால் மட்டும் அந்த எண் பொருந்தாது, டயர் கடையில் கேட்டு எழுதி வையுங்கள்.