கடலோர வெண்கலச் சிலைக்கு பெயின்ட் அடிக்கலாமா?

வாஷிங்டனில் இந்தியத் தூதரகத்துக்கு எதிரே 2000-இல் திறந்த காந்தி சிலையும் வெண்கலம், சென்னை காசிமேட்டில் எங்கள் தெருமுனைத் தலைவர் சிலையும் வெண்கலம்; இங்கே மட்டும் ஏன் பச்சைத் தூள் உதிர்கிறது, பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து அடிக்காதீர்கள். வெளியில் நிற்கும் வெண்கலம் எங்குமே பச்சையாகும். வழவழப்பாக ஒட்டியிருக்கும் பச்சை, உலோகத்துக்குக் காப்பு. விரலில் தூளாக வருவதுதான் நோய்: கடற்காற்றின் உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரமும் காற்றும் பட்டதும் அமிலமாகி, மேலும் மேலும் அரித்துக் குழி பறிக்கும். பெயின்ட் அந்த உப்பையும் ஈரத்தையும் உள்ளேயே பூட்டிவிடும்.

மாலைகளை அன்றே கழற்றுங்கள்; ஈரம் தேங்குவது அவற்றின் அடியில்தான். கழுவ மெட்ரோ வாட்டர் குழாய்த் தண்ணீர் போதும். போர் தண்ணீர் வேண்டாம், நம் பக்கம் பல இடங்களில் அதுவே உப்பு. மென்மையான பிரஷ், சில சொட்டு மிதமான சோப்பு. புளி, எலுமிச்சை கூடவே கூடாது. காப்புப் படலத்தையே கரைத்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) மெல்லியதாகத் தடவி, பருத்தித் துணியால் தேயுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் செய்வது நல்லது. ஏற்கெனவே தூள் உதிரும் இடத்தில் மட்டும் மெழுகு பூசாமல், உலோகச் சிலைப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.