யாருடைய அமைதி குலைந்தது?

அன்புள்ள ஐயா,

அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். பெண்கள் கழிப்பறையில் மாதக்கணக்காகத் தண்ணீர் வரவில்லை என்று பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதி, தன் பெயரும் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். தலைமையாசிரியர் அதைக் கிழித்துவிட்டு, ‘பள்ளியின் மானம் போய்விட்டது’ என்று அவளிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார். நான் பக்கத்தில் நின்றும் ஒன்றும் சொல்லவில்லை. மாணவர்களின் பேச்சுரிமைக்கு எல்லை எது? சமூக ஊடகங்களின் வசைகளைப் பார்த்தால் எல்லை வேண்டும் என்றும் தோன்றுகிறது.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

இந்தச் சம்பவம் உங்கள் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது என்பதே எனக்கு ஆறுதல். ஆனால் அந்தப் பெண் மன்னிப்புக் கடிதம் எழுதும்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நீங்கள், இப்போது என்னிடம் எல்லையைப் பற்றிக் கேட்பது எனக்குக் கோபமூட்டுகிறது. வசைகளை விட்டுவிடுங்கள், பெயரைப் போட்டு எழுதியவளுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

சில நாட்களாகவே கேரளத்து வழக்கு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். 1985 ஜூலையில், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தேசிய கீதம் பாடாததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பாடவில்லையே தவிர, மற்றவர்கள் பாடும்போது அவர்களும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். அவர்களுடைய அக்காமார் அதே பள்ளியில் படித்தபோதும் இப்படித்தான் நின்றிருக்கிறார்கள், எவரும் பொருட்படுத்தவில்லை. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அதைக் கண்டு சபையில் பேசிய பிறகே அது குற்றமாயிற்று. விசாரிக்க அமைக்கப்பட்ட குழு, பிள்ளைகள் கீதத்தை அவமதிக்கவில்லை என்று சொன்ன பிறகும் நீக்கினார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு, பேசாமலிருக்கும் உரிமையும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று கூறி, அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது.

நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: அங்கே யாருடைய அமைதி குலைந்தது? வகுப்பில் பாடம் நிற்கவில்லை, பக்கத்துப் பிள்ளை பாடுவதற்கும் இடைஞ்சல் இல்லை. குலைந்ததெல்லாம் வெளியிலிருந்து வந்த ஒரு பெரியவரின் அமைதி. 1989இல், இடஒதுக்கீட்டை விமர்சித்த தமிழ்ப்படம் ஒன்றைத் திரையிட்டால் கலவரம் வரும் என்று நம் மாநில அரசு வாதிட்டபோதும், கலவரம் செய்வேன் என்பவனைக் கட்டுப்படுத்துவது அரசின் கடமை, அவனைக் காட்டிப் பேசுபவனின் வாயை அடைக்கக் கூடாது என்ற பொருள்படத்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. எவனோ கோபப்படுவான் என்பதற்காகப் பேசியவனைத் தண்டிப்பதையே நாம் ஊரிலும் பள்ளியிலும் ஒழுங்கு என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

நான் பள்ளியில் படித்தபோது, ஆண்டு விழாவுக்கு வசூலித்த பணத்துக்குக் கணக்கு உண்டா என்று என் நண்பன் வகுப்பாசிரியரிடம் கேட்டான். மறுநாள் காலை பிரேயரில் அவனை மேடையேற்றி, அதே கேள்வியை ஒலிபெருக்கியில் கேட்கச் சொன்னார்கள். கால்சட்டைப் பையின் ஓரத்தைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், குரல் எழும்பவில்லை, பள்ளி மொத்தமும் சிரித்தது. டி.சி. வாங்கிக்கொண்டு போகும்வரை அவனுக்கு ‘அதிகப்பிரசங்கி’ என்பதே பெயர். கணக்கை யாரும் காட்டவில்லை.

வரலாறு நடத்தும் உங்களுக்கு, பேச்சுரிமைக்கு எல்லை வகுக்கும் அரசியலமைப்பின் 19(2) பிரிவு தெரியாதிருக்காது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று எல்லைகள் அங்கே பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. பள்ளியின் மானம் அதில் இல்லை. மாணவி எழுதியது பொய்யென்றால் தலைமையாசிரியர் குழாயைத் திறந்து காட்டியிருக்கலாம். மெய்யென்றால் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர். கூச்சலிட்டு வகுப்பை நடக்கவிடாமல் செய்பவனையும், சக மாணவியைச் சாதி சொல்லி இழிப்பவனையும் பள்ளி தடுக்கத்தான் வேண்டும்; அங்கே பாதிக்கப்படுவது இன்னொரு பிள்ளை. உங்கள் பள்ளியில் எந்தப் பிள்ளை பாதிக்கப்பட்டது?

நாளை தலைமையாசிரியரிடம் போய், அந்த மன்னிப்புக் கடிதத்தை அவளிடமே திருப்பித் தரும்படி கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், உங்கள் பெயரைப் போட்டு.