பாதி வழியில் திரும்புவது

மதிப்புக்குரிய ஐயா,

எனக்கு ஏழு வயதில் மகளும் நான்கு வயதில் மகனும் இருக்கிறார்கள். திருமணத்துக்கு முன் நெடுந்தீவு, சுண்டிக்குளம் என்று நடந்து திரிந்தவன் நான். சென்ற மாதம் பிள்ளைகளை மணற்காட்டு மணல்மேடுகளுக்குக் கூட்டிச் சென்றேன். மகன் பாதி வழியிலேயே அழத் தொடங்கியதால் அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டோம். "பச்சைப் பிள்ளையை வெயிலில் கொண்டுபோய் வதைக்கிறதா?" என்று மாமி கடிந்துகொண்டார். அவர்கள் வளரும்வரை பொறுத்திருப்பதுதான் சரியா?

யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

பொறுத்திருக்க வேண்டாம். ஆனால் மாமியின் கோபத்திலும் நியாயம் உண்டு. சிறு பிள்ளையின் உடல் நம்முடையதைவிட விரைவாகச் சூடேறும். விளையாட்டு மும்முரத்தில் தாகத்தையும் அது சொல்லாது. எனவே விடியற்காலையில் புறப்பட்டு, மணல் சுடத் தொடங்குமுன் வீடு திரும்புங்கள். சித்திரை, வைகாசியைத் தவிர்த்து, வலசைப் பறவைகள் நம் கடல்நீரேரியில் தங்கியிருக்கும் தை, மாசியில் போவது நல்லது.

நீங்கள் தோல்வியாக எழுதியிருக்கும் அந்தத் திரும்புதலை, அன்றைய பயணத்தில் நீங்கள் செய்த மிகச் சரியான காரியமாக நான் பார்க்கிறேன். என் மகளை ஐந்து வயதில் நெடுந்தீவுக்குக் கூட்டிச் சென்றேன். குதிரைகள், பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிடும் அவசரத்தில் இருந்தேன். அவளோ ஒரு முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) மதிலருகே குந்திவிட்டாள். கல்லில் பூப்போலப் படிந்திருந்த வரிகளை விரலால் தடவி, "இதை ஆர் கீறினது?" என்று கேட்டாள். அது ஒருகாலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்தது என்றதும் மூக்கை வைத்து மணந்து பார்த்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். மதியத்துக்குள் அவள் களைத்து அழுதாள். குறிகட்டுவானுக்குப் படகு புறப்படும் நேரம்வரை அந்த அழுகைக்கு என்னிடம் வழி எதுவும் இருக்கவில்லை. அந்த இழுப்பை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

ஆகவே, பிள்ளை "போதும்" என்று சொன்ன நிமிடமே திரும்பக்கூடிய இடங்களை மட்டும் இப்போதைக்குத் தேர்ந்தெடுங்கள். பண்ணைப் பாலத்தைக் கடந்து மண்டைதீவுக் கரை, அராலிப் பக்கம், காரைநகர் கசூரினாக் கடற்கரை போன்றவை போதும். சோழகக் காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தீவுப் படகுப் பயணம் சின்னவனுக்கு வேண்டாம். பிறகு போகும்போதும் அவன் அளவுக்குப் பொருந்தும் பாதுகாப்பு அங்கி இருக்கிறதா என்று பார்த்த பின்னரே ஏறுங்கள்.

ஆழமில்லாத கடலில் மணலுக்குள் திருக்கை புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் அது விலகிவிடும், பிள்ளைகளுக்கு இதை ஒரு விளையாட்டாகவே பழக்கலாம். வறண்ட பற்றைகளில் சுருட்டை விரியன் இருக்கும் என்பதால் மூடிய சப்பாத்து வேண்டும். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது; நேரத்தை வீணாக்காமல் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள நிலத்துக்குள் எவரும் கால் வைக்கக் கூடாது; எங்கே போனாலும் தடம் விழுந்த பாதையை விட்டு விலகக் கூடாது, நிலத்தில் கிடக்கும் இரும்புப் பொருள் எதையும் தொடக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் பிள்ளையின் விருப்பத்துக்கு இடமில்லை. ஏன் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த முறை மாமியையும் கூட்டிச் செல்லுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் தேவை. சின்னவன் களைத்தால் ஒருவர் அவனோடு சவுக்கு மர நிழலில் இருக்கலாம். மற்றவர் மூத்தவளோடு மேலே ஏறலாம். தம்பி அழுத அன்று அவள் மணல்மேட்டின் உச்சிவரை போனாளா என்று உங்கள் கடிதத்தில் இல்லை.