பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற முறை தற்காயம், அதாவது தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பற்றி எழுதியதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பார்டர்லைன் ஆளுமைக் கோளாற்றைப் பற்றியவை. உணர்ச்சிகள் சட்டென்று புரள்வது, கைவிடப்படுவோம் என்ற அச்சம், நிலையில்லாத உறவுகள், யோசிக்காத செயல்கள், தற்காயம் ஆகியவை இந்த மனநோயின் முக்கிய அடையாளங்கள். ஒரே கேள்வியைக் கேட்டவர்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நோயாளியின் வயதையோ சாப்பிடும் மருந்தையோ குறிப்பிடாமல், ‘என் மகளுக்கு என்ன நோய்?’ என்று ஒற்றை வரியில் கேட்டிருக்கும் மூவருக்கு என்னால் பதில் சொல்ல இயலாது. நான் மருத்துவன், குறி சொல்பவன் அல்லன்.

கைபேசியில் ஒரு தேர்வு எழுதினேன். 25-க்கு 19 வந்தது. எனக்கு பார்டர்லைன் இருக்கிறதா?
(கல்லூரி மாணவி, திருப்பரங்குன்றம்)

எனக்குத் தெரியாது, அந்தத் தேர்வுக்கும் தெரியாது. இந்த நோய்க்கு வகுக்கப்பட்ட ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அவை ஆண்டுக்கணக்கில், வீடு, கல்லூரி, நட்பு என்று எல்லா இடங்களிலும் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். இதை நேரில் அமர்ந்து, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பேசித்தான் கண்டறிய முடியும். காதல் முறிந்த மாதத்தில் எழுதினால் யாருக்கும் 19 வரும்.

இது எதற்கும் எதற்கும் இடையிலான ‘பார்டர்’?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், சிம்மக்கல்)

நல்ல கேள்வி. 1938-இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்னும் அமெரிக்க மருத்துவர், நரம்புத் தளர்ச்சி என்று அந்நாளில் சொல்லப்பட்ட வகையிலும் சேராமல், நிஜம் எது, கற்பனை எது என்று பிரித்தறிய முடியாத மனப்பிறழ்விலும் சேராமல் நடுவில் நின்ற நோயாளிகளுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அந்தக் கொள்கை போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டிலும் அது இடம்பெற்றது. ‘சர்க்கரை பார்டரில் இருக்கிறது’ என்று சொல்வதைப் போல, இதையும் லேசான நோய் என்று பொருள் கொள்பவர்கள் நம் ஊரில் அதிகம். அது தவறு.

ஒரு மருத்துவர் பைபோலார் என்கிறார், இன்னொருவர் பார்டர்லைன் என்கிறார்.
(வங்கி ஊழியர், அண்ணாநகர்)

கடிகாரத்தையும் நாட்காட்டியையும் பாருங்கள். பைபோலாரில் எழுச்சியும் சோர்வும் நாட்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். பார்டர்லைனில் மனநிலை சில மணி நேரத்தில் புரண்டுவிடும்; அதற்கு முன்னால் யாரோ பேசாமல் போனது, வரவில்லை என்றது போன்ற ஒரு நிகழ்ச்சி பெரும்பாலும் இருக்கும். இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு. ஒரு மாதம் தினமும் மனநிலையைக் குறித்துக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு அதைவிட உதவியான ஸ்கேன் கிடையாது.

23 வயது மகளுக்கு இரண்டு ஆண்டுகளாக ஏழு மாத்திரைகள் கொடுக்கிறோம். இன்னும் கையைக் கீறிக்கொள்கிறாள். பவரைக் கூட்டச் சொல்லலாமா?
(தாய், உசிலம்பட்டி)

வேண்டாம் அம்மா. நீங்கள் இணைத்திருந்த சீட்டின் நகலைப் பார்த்தேன்: மனச்சோர்வுக்கு இரண்டு, மனநிலையைச் சமன்படுத்த இரண்டு, மனப்பிறழ்வுக்கு ஒன்று, பதற்றத்துக்கும் தூக்கத்துக்குமாக இரண்டு. இந்தப் பட்டியல் எனக்குப் புதிதல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் மஞ்சப்பையை என் மேசைமேல் கவிழ்த்தார். கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டுகள். பாதிக்கு மேல் பெயர் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. எது எதற்கு என்று கேட்டேன். ‘ரோஸ் கலரு காலைல, வெள்ளைல பெருசு ராத்திரிக்கு’ என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுதிக் கொடுத்தவர்கள் அவருக்கு அதற்குமேல் சொல்லவில்லை.

பட்டியல் எப்படி நீள்கிறது என்று சொல்கிறேன். ஒரு நெருக்கடி வருகிறது. ஒரு மாத்திரை சேர்க்கப்படுகிறது. இந்த நோயில் நெருக்கடி பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே தணியும். ஆனால் தணிந்த பெருமை மாத்திரைக்குப் போய்விடுகிறது. ஆகவே அதை எடுக்க யாருக்கும் துணிவு வருவதில்லை. அடுத்த நெருக்கடிக்கு அடுத்தது. உண்மையில் பார்டர்லைன் கோளாற்றுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு மருந்தைக்கூட அங்கீகரிக்கவில்லை. பிரிட்டனின் 2009 வழிகாட்டுதல், இந்தக் கோளாற்றுக்காக என்றே மருந்து கொடுக்க வேண்டாம் என்கிறது. உடன் மனச்சோர்வு போன்ற வேறு நோய் இருந்தால் அதற்கு மருந்து தேவைப்படலாம். அது வேறு கணக்கு.

இதில் என்னை மிகவும் கோபப்படுத்துவது, பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாதக்கணக்கில் வாங்கும் அல்ப்ரஸோலாம் வகைப் பதற்ற மாத்திரைகள். எதையும் யோசிக்காமல் செய்துவிடும் இயல்புள்ளவரிடம் அவை மிச்சமிருக்கும் பிரேக்கையும் தளர்த்திவிடக்கூடும், பழகியும் போகும். 1980-களிலேயே ஆய்வில் தெரிந்துபோன இந்தச் செய்தி நம் மருந்துக் கடைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

உங்கள் மகளுக்குச் சிகிச்சை என்பது உளவியலாளருடன் பேசிப் பெறும் உளச்சிகிச்சைதான். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் வகுத்த டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்னும் முறையில் வாரம் ஒருமுறை தனி அமர்வும், ஒருமுறை குழு வகுப்பும் ஏறக்குறைய ஓராண்டு நடக்கும். கீறிக்கொண்ட நாளை எடுத்து, காலையில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார், உடம்பில் என்ன தோன்றியது என்று கண்ணி கண்ணியாகப் பிரித்து, எந்தக் கண்ணியில் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம் என்று பார்ப்பார்கள். முழு முறை கிடைக்காவிட்டாலும், அதைக் கற்ற உளவியலாளர் ஒருவரை வாரந்தோறும் பார்ப்பது எட்டாவது மாத்திரையை விட மேல்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைகூடப் போகலாம். ஒன்றொன்றாக, மாதக்கணக்கில், ஒரே மருத்துவரின் கண்காணிப்பில் குறைக்க வேண்டும். இருப்பவற்றைப் பூட்டி வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வாங்காதீர்கள். வயலுக்கு வாங்கிய மருந்தும் பூட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

லாரி ஓட்டுகிறேன். இரண்டு மணி நேரம் போன் எடுக்காவிட்டால் மனைவி தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறாள். நடிப்பா?
(திருமங்கலம்)

நடிப்பு அல்ல, அந்தச் சொல்லை வீட்டில் இனி யாரும் சொல்லக்கூடாது. கைவிடப்பட்டுவிட்டோம் என்ற அச்சம் அவருக்கு உடல்வலியைப் போன்றது. நீங்கள் எடுக்காத அழைப்பு உங்களுக்கு ஒரு தவறிய அழைப்பு, அவருக்கு நீங்கள் போய்விட்டதற்கான சாட்சி. அதற்காக வண்டி ஓட்டிக்கொண்டே எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிளம்பும்போதே, ‘கோவில்பட்டியில் சாப்பிடும்போது ஒன்றரை மணிக்குக் கூப்பிடுகிறேன்’ என்று சொல்லுங்கள், சொன்னபடி கூப்பிடுங்கள். காயப்படுத்திக்கொண்ட நாளில் ஓடிவந்து கொஞ்சி, நல்ல நாளில் பேசாமல் இருப்பதைத் தவிருங்கள். நல்ல நாளில்தான் அதிகம் பேச வேண்டும். சாக வேண்டும் என்று சொல்லும் நாள் வந்தால் இந்தக் கணக்கு எதுவும் இல்லை: தனியே விடாதீர்கள், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?
(நான்கு கடிதங்கள்)

ஆகாது. இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து வருத்தாதீர்கள்.

தர்காவில் தங்க வைக்கலாமா?
(பெயர் வேண்டாம், மதுரை)

வேண்டுதலுக்கு நான் எதிரி அல்லன். ஆனால் 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நிலையில் 28 பேர் தீயில் மாண்டதை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க முடியாது. சங்கிலி இருக்கும் இடத்தில் ஒரு நாளும் விடாதீர்கள். சட்டமும் அதைத் தடை செய்திருக்கிறது.

தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் வழக்கு வருமா?
(மேலூர்)

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவின்படி, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், தண்டிக்கப்பட மாட்டார். மருத்துவமனை போலீசுக்குத் தகவல் தரலாம். அதற்கு அஞ்சி வீட்டில் வைத்துப் பார்த்து நேரத்தைக் கொல்லாதீர்கள்.

எனக்கு 27 வயது. சரியாகுமா? செலவுக்கும் வழியில்லை.
(வாடிப்பட்டி)

பத்தாண்டுகள் நோயாளிகளைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வுகளில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு, நோய் என்று சொல்லத்தக்க அறிகுறிகள் மறைந்திருந்தன. தற்காயமும் அவசரச் செயல்களும் முதலில் குறையும். வெறுமையும் தனிமை பற்றிய அச்சமும் மெல்லத்தான் போகும். நிலையான வேலை அமைவதற்கு இன்னும் சற்றுக் காலம் பிடிக்கும். மேலே சொன்ன லினஹானே இளமையில் இரண்டாண்டுக்கு மேல் மனநல மருத்துவமனையில் இருந்தவர். அதை 2011-இல் அவரே வெளியில் சொன்னார். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்குச் செல்லுங்கள். மாத்திரையோடு திரும்பிவிடாமல், உளவியலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நடுராத்திரியில் தாங்கவில்லை என்றால் 14416-ஐ அழைக்கலாம். டெலி மானஸ் என்னும் இந்த அரசு மனநலத் தொலைபேசிச் சேவைக்குக் கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அடுத்த கடிதத்தில் நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை எழுதுங்கள், நிறத்தை அல்ல.